உங்கள் எழுத்து உங்கள் கையில் இருக்கட்டும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மாற்றலாமா என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. காரணம் தெரிந்ததுதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், பழைய மெஷின்கள் பலவற்றை அது ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2015, 2016இல் வாங்கிய லேப்டாப் திரையில் கீறல் இல்லாமல், ஒரு விசைகூடத் தேயாமல் இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. அப்போதுதான் அடுத்த யோசனை பிறக்கிறது. எப்படியும் புதிது வாங்கப் போகிறோம், வேறு வகைக்கே மாறிவிட்டால் என்ன?

“பெரியப்பா, இந்தத் தடவை மேக்புக் எடுக்கலாமா?” என்கிறாள் தம்பி மகள். “மாமா, ஆபீஸ்ல எல்லாரும் மாறிட்டாங்க, நானும் மாறவா?” என்கிறான் தங்கை மகன். “தாத்தா, பழசுலயே லினக்ஸ் போட்டுக்கலாமா?” என்கிறான் பேரன். நான் கணினி படித்தவன் அல்லன். மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வந்த காலம், யூனிகோடு வந்த காலம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கருவி மாறும்போது யார் தலைநிமிர்ந்து நின்றார்கள், யார் தடுமாறினார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்திலிருந்துதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

குறை எங்கே இருக்கிறது?

மாற நினைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, “இப்போது இருப்பதில் என்ன குறை?” என்பதைத்தான். “ஸ்லோவா இருக்கு” என்பதே பெரும்பாலும் பதில். அந்த ஒரு சொல்லோடு கடைக்குப் போனால், கடைக்காரர் காட்டும் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். குறையை இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டில், ஒரு சிறு கை இங்குமங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருப்பதால் நாம் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறோம். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், சுற்றும் தட்டே இல்லாததால் அந்தக் காத்திருப்பு பெருமளவு போய்விடும். 4 ஜிபி ரேம் இருந்தால் 8 ஆக்கலாம். விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, சிப்பின்மேல் காய்ந்துபோன பசையை மாற்றினால் சூடு குறையும். சூடு குறைந்தால் மெஷின் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்வதும் குறையும். பேட்டரி செத்திருந்தால் புதிது கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவிலும், ஓரளவு பெரிய எந்த ஊரின் சர்வீஸ் கடையிலும் இந்த வேலைகள் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

தங்கை மகனிடம் இதைத்தான் சொன்னேன். எஸ்.எஸ்.டி. மாற்றியதும் அவன் குறையில் முக்கால்வாசி தீர்ந்தது. மாறலாமா என்ற கேள்வி அதோடு போய்விடவில்லை. ஆனால் எரிச்சலோடு கேட்ட கேள்வியை, அதன்பின் நிதானமாகக் கேட்டான். அதுவே பெரிய வேறுபாடு. எரிச்சலில் எடுக்கும் முடிவு, எதை விட்டு ஓடுகிறோம் என்பதையே பார்க்கும். எங்கே போய்ச் சேருகிறோம் என்பதை நிதானத்தில் இருக்கும்போதுதான் பார்க்க முடியும். வேலையை விடும்போதும் வீட்டைக் காலி செய்யும்போதும் இதுவே நடக்கிறது.

சரிசெய்தும் தீராத குறை இருக்கிறதென்றால், அந்தக் குறைக்கு ஒரு பெயர் வையுங்கள். “பேட்டரி மூன்று மணி நேரம்கூட வருவதில்லை, நான் நாள் முழுக்க வெளியில் இருக்கிறேன்” என்பது பெயர் வைத்த குறை. “பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது, நான் இதில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறேன்” என்பதும் அப்படியே. இவற்றுக்கு விடை தேட முடியும். பெயரில்லாத குறைக்கு எந்த லேப்டாப்பாலும் விடை தர முடியாது.

எந்த வேலைக்கு எந்த மெஷின்

இரண்டாவது, உங்கள் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வாரம் லேப்டாப்பில் என்னென்ன செய்கிறீர்களோ அத்தனையும். அதன்பிறகுதான் வகைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

மேக்கைப் பற்றிப் பிள்ளைகள் வியந்து பேசுவதில் உண்மை இருக்கிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை மேக்கில் வைத்தது. கைப்பேசிச் சிப்புகளின் குடும்பமான ஆர்ம் வகையைச் சேர்ந்த அது, குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்கிறது. அதனால் மேக்புக் ஏரில் விசிறியே இல்லை, சத்தமும் இல்லை. சாதாரண எழுத்து வேலை, இணைய வேலை என்றால் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். பார்த்தவர்கள் ஆசைப்படுவது நியாயமே. மைக்ரோசாஃப்டும் 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு புதுவகை விண்டோஸ் லேப்டாப்புகளைக் கொண்டுவந்தது. அவையும் ஆர்ம் வகையே. பேட்டரி நீடிப்பதில் அவையும் நல்ல பெயர் எடுத்தன.

ஆனால் நீங்கள் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். தங்கை மகன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். அவன் தாளில் முதல் வரி டேலி என்ற கணக்கு மென்பொருள். டேலிபிரைம் விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. மேக்கில் நேரடியாக நிறுவ முடியாது. இரண்டாவது வரி, கம்பெனிக் கணக்குகளைத் தாக்கல் செய்யும்போது மின்கையெழுத்துக்காகச் செருகும் டி.எஸ்.சி. டோக்கன். அந்தச் சின்ன யு.எஸ்.பி. குச்சி வேலை செய்ய ஒரு டிரைவர் வேண்டும். பழைய சிப்புக்கு எழுதிய செயலிகளைப் புதிய சிப்பில் ஓடவைக்க, மேக்கில் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாடும், ஆர்ம் விண்டோஸில் பிரிசம் என்ற ஏற்பாடும் இருக்கின்றன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இயங்குதளத்தின் அடியாழத்தில் உட்கார்ந்து கருவியோடு பேசும் டிரைவரை அவற்றால் மொழிபெயர்க்க முடியாது. அந்த வகைச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். டோக்கனும் பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையே போட்டுக்கொள்ள முடிந்தது. ஆப்பிள் சிப் வைத்த மேக்கில் அந்த வழியும் கிடையாது. இதையெல்லாம் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால், மார்ச் மாதக் கடைசியில் கண்ணீர்தான் வரும்.

தம்பி மகளின் தாள் வேறு மாதிரி. அவள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். படத்தொகுப்பும் வண்ணத் திருத்தமும்தான் அவள் வேலை. ஃபைனல் கட் புரோ மேக்கில் ஓடும், விண்டோஸில் ஓடாது. டாவின்சி ரிசால்வும் பிரீமியர் புரோவும் இரண்டிலும் ஓடும். அவளுக்கு மேக் பொருந்தும். ஐபோன் செயலி எழுதப் போகிறவருக்கும் எக்ஸ்கோடு வேண்டும், அதற்கு மேக்தான் வேண்டும். அதே வீட்டில் இயந்திரப் பொறியியல் படிக்கும் பையன் இருந்து, அவன் தாளில் சாலிட்வொர்க்ஸ் என்று இருந்தால், அவனுக்கு விண்டோஸ்தான். ஒரே குடும்பம், ஒரே கடை. தாள் வேறு, அதனால் விடையும் வேறு.

மேக் வாங்க முடிவு செய்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசிவரை. 2024 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக் ஏரின் அடிப்படை நினைவகத்தை 16 ஜிபி ஆக்கியது. 8 ஜிபி கொண்ட பழைய மாடல் சலுகை விலையில் கிடைக்கிறதென்றால், ஏன் சலுகை என்று ஒருமுறை யோசியுங்கள். விண்டோஸ் லேப்டாப்புகளிலும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டே வருகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

குரோம்புக், இணையத்திலேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்பவருக்கு. பள்ளிப் பிள்ளைக்கும், மின்னஞ்சலும் செய்தியும் பார்க்கும் பெரியவருக்கும் போதுமானது. கூகுள் 10 ஆண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு தருவதாக 2023இல் அறிவித்தது. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை. அந்த வகை மெஷின் சந்தைக்கு வந்த காலத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. வாங்குமுன் அந்த மாடலின் முடிவுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ், கையில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு தருவது. உபுண்டு, லினக்ஸ் மின்ட், நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்று பல வகை உண்டு. காசு கிடையாது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் இதில்தான் படிக்கிறார்கள். ஆகவே இது கணினிப் பொறியாளருக்கு மட்டும் என்ற அச்சம் வேண்டாம். இதில் இன்னொரு நன்மை, சேர்வதற்கு முன் பழகிப் பார்க்கலாம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் அசைகிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். பேரனுக்கு நான் சொன்னது, “முதலில் அப்படிப் பார், பிறகு பேசலாம்.”

அச்சகத்தில் நான் பார்த்தது

இதுவரை சொன்னதை விவரம் தெரிந்த எந்த இளைஞனும் உங்களுக்குச் சொல்வான். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான்.

டி.டி.பி. வந்த புதிதில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் அப்படி உருவானவைதான். திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ சில ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஒரு நாவல் முழுவதும் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த ஏற்பாடும் வேறுபட்டது. 1999இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்து, டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோடில் 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது நம் அச்சகங்களுக்குள் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான்.

அந்த இடைக்காலத்தில் புத்தகங்களை எல்லாரும் பேஜ்மேக்கரில்தான் வடிவமைத்தோம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன்பிறகு அது வளரவில்லை. ஆனால் புத்தகங்கள் அதில்தான் இருந்தன. பல அச்சகங்களில் மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியை வைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்ற பிறகும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நல்ல கணினி என்பதற்காக இல்லை. அதை விட்டால் அந்தக் கோப்புகளைத் திறக்க வேறு வழி இல்லை என்பதற்காக.

எங்கள் ஊரில் ஒரு பதிப்பாளர் இருந்தார். தொழில்மேல் பக்தி உள்ளவர். ஒரு நாள் அந்த மூலைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. குறுந்தகடுகளில் பிரதி இருந்தது. ஆனால் எந்த எழுத்துருவில் எந்தப் புத்தகம் என்ற குறிப்பு இல்லை. ஓர் எழுத்தாளர் தம் பழைய நாவலின் மறுபதிப்புக்காக வந்து நின்றார். அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். முதல் பதிப்பில் இல்லாத பிழைகள் மறுபதிப்பில் புகுந்தன. ரகரமும் றகரமும் இடம் மாறின. ஓர் இடத்தில் ஒரு பத்தியே விடுபட்டது. மெய்ப்பு என்னிடம் வந்ததால் எனக்குத் தெரியும். அந்த எழுத்தாளர் என் எதிரில் உட்கார்ந்து, தாம் எழுதிய வரியைத் தாமே தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. புத்தகம் அச்சுக்குப் போன அன்றே பி.டி.எஃப். ஒன்று எடுத்து வைக்கச் சொல்வார். யூனிகோடு வந்த பிறகு, மாற்றி மென்பொருள்களைக் கொண்டு பழைய நூல்களை ஒவ்வொன்றாக யூனிகோடு உரையாக்கி, மெய்ப்புப் பார்த்துத் தனியாகச் சேர்க்கச் சொன்னார். சம்பளம் கொடுத்துச் செய்த வேலை அது. உடனே லாபம் எதுவும் வரவில்லை. கூட இருந்தவர்கள் வீண் செலவு என்றார்கள். ஆனால் அதன்பின் எங்கள் அச்சகம் எத்தனை முறை கணினி மாறியபோதும் யாருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. பக்க வடிவமைப்பில் இன்டிசைனுக்குப் போனோம். ஒரு பிரிவில் மேக் வந்தது. மின்னூல் என்று ஒன்று வந்தபோது, நூல்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. “எந்தக் கம்ப்யூட்டரா இருந்தா என்ன, நம்ம புத்தகம் நம்மகிட்ட இருக்கு” என்பார் முதலாளி.

இரண்டு பேரும் உழைப்பாளிகள்தான். ஒருவருடைய உழைப்பு கருவிக்குள் அடைபட்டிருந்தது. இன்னொருவருடைய உழைப்பு அவர் கையில் இருந்தது. கருவி மாறும் நாளில்தான் இந்த வேறுபாடு வெளியே தெரியும். அந்த நாளில் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

ஆகவே மாறலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: மாறும் சுதந்திரத்தை முதலில் சம்பாதித்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ் எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் இருப்பதை, அந்தப் பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். முக்கியமான ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.எஃப். பிரதி வையுங்கள். கணக்கு மென்பொருளில் இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எக்செல்லாக வெளியே எடுத்து வையுங்கள். குடும்பப் படங்கள் ஏதோ ஒரு செயலிக்குள் மட்டும் இல்லாமல், சாதாரணக் கோப்புகளாக ஒரு வெளி டிஸ்கிலும் இருக்கட்டும். அந்த டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். வடிவில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், வழக்கமாக அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் இரண்டும் படிக்கும், எழுதும். கடவுச்சொற்கள் பழைய பிரவுசருக்குள் மட்டும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டால், மேக்கா விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வியின் பாரம் பாதியாகிவிடும். தவறாகவே தேர்ந்தாலும் பணம் கொஞ்சம் போகும்; உங்கள் உழைப்பு போகாது.

கை பழக வேண்டும்

மாறிய பிறகு ஒரு காலம் வரும். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால், சில நாள் அது வெளுத்துத் துவண்டு நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்டும்வரை விவசாயி பொறுத்திருப்பார். நாற்று கெட்டுவிட்டதென்று பிடுங்கி எறிய மாட்டார். விரல்களும் அப்படித்தான். கண்ட்ரோல் விசையைத் தேடிப் பழகிய சுண்டுவிரல், மேக்கில் கமாண்டு விசைக்காகக் கட்டைவிரலிடம் வேலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்று தேட வேண்டியிருக்கும். ஐந்து நிமிட வேலை அரை மணி ஆகும். “மாறியதே தப்பு” என்று மனம் சொல்லும். அந்தப் பேச்சை அந்த வாரங்களில் நம்ப வேண்டாம்.

நம்ப வேண்டாம் என்றாலும், அந்த வாரங்களுக்கு இடம் விட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர் மார்ச்சில் மாறக் கூடாது. மாணவர் தேர்வுக்கு முன் மாறக் கூடாது. எழுதுகிறவர் கெடு நெருங்கும்போது மாறக் கூடாது. புதியது வந்த அன்றே பழையதை விற்காமல், கொஞ்ச காலம் இரண்டையும் வைத்திருங்கள்.

கைப்பழக்கத்திலும் எங்கும் செல்லுபடியாவதைக் கற்றுக்கொள்வது நல்லது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸில் உண்டு, மேக்கில் உண்டு, லினக்ஸில் உண்டு, கைப்பேசியிலும் உண்டு. அதில் பழகிய கை எந்தக் கணினியின் முன்னும் தமிழ் எழுதும். ஒரு மென்பொருளோடு மட்டும் வந்த தனி விசைப்பலகையில் வேகம் காட்டியவர்கள், அந்த மென்பொருள் நின்றதும் மெதுவானதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசையும் அச்சமும்

இரண்டு விஷயங்கள் மனிதரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகின்றன. ஒன்று, பக்கத்து மேசை. அலுவலகத்தில் எல்லாரிடமும் ஆப்பிள் சின்னம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்ற உறுத்தல். அந்த உறுத்தலுக்காக மாதத் தவணையில் லேப்டாப் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சம்பாதிக்க உதவும் கருவிக்குக் கடன் வாங்குவதில் தவறில்லை. அந்தக் கருவியே தவணையைக் கட்டிவிடும். பிறர் பார்வைக்காக வாங்கியதற்கு நம் சோற்றிலிருந்துதான் தவணை கட்ட வேண்டும். வாங்குமுன் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஊரில் அதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறாரா? இல்லாவிட்டால் எந்த ஊர்வரை போக வேண்டும்? சந்தேகம் வந்தால் கேட்க, உங்களைச் சுற்றி அதைப் பயன்படுத்துகிறவர் யாராவது இருக்கிறாரா? அறுபதைத் தாண்டியவருக்குப் புதிய வகை லேப்டாப் வாங்கித் தரும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். நீங்கள் வெளியூர் போய்விடுவீர்கள். அந்த லேப்டாப் அவரோடு தனியாக இருக்கும்.

இன்னொன்று, அச்சம். என் வயதுக்காரர்களிடம் இது அதிகம். “இதுவே போதும், புதிதெல்லாம் எதற்கு?” என்று சொல்லிப் புதுப்பிப்பு நின்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். அது சிக்கனம் ஆகாது. ஈய எழுத்து போன காலத்தில், கை நிறைய மை பூசியிருந்த அச்சுக்கோப்பாளர் சிலர், நடுவயதைத் தாண்டிய பிறகும் விசைப்பலகையின் முன் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் அவர்கள். அந்தப் பெட்டி போய்விட்டது. ஆனால் எங்கே சொல்லைப் பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது, ஒரு பக்கம் எப்போது கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. கணினி மட்டும் தெரிந்த இளைஞர்களின் பக்கங்களைவிட அவர்கள் அமைத்த பக்கம் அழகாக இருந்தது. அவர்களுடைய தொழிலறிவு பெட்டியில் இருக்கவில்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மேக்கின் சிப் வகையை அவர்கள் மூன்று முறை அடியோடு மாற்றினார்கள். 1994இல் மோட்டோரோலா 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசிக்கு, 2006இல் இன்டெலுக்கு, 2020இல் சொந்தச் சிப்புக்கு. ஒவ்வொரு முறையும் பழைய செயலிகள் புதியதில் ஓட ஒரு மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைக் கூடவே தந்தார்கள். ஒருவரையும் ஒரே இரவில் வெளியே தள்ளவில்லை. ஆனால் அந்த ஏற்பாடுகள் நிலையாக இருக்கவும் இல்லை. முதல் ரொசெட்டா 2011இன் இயங்குதளத்தில் நீக்கப்பட்டது. இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசி இயங்குதளம் மேக் ஓஎஸ் 26 என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கும், பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13வரை பாதுகாப்புப் புதுப்பிப்பை நீட்டித்துக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்ட் தந்தது. மாற்றத்தின்போது அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசம் தள்ளிப்போடுவதற்காகத் தரப்படுவது என்று எண்ணுகிறவர் கடைசி நாளில் ஓடுவார். நம் பொருளைப் பத்திரமாக எடுத்து வைக்கத் தரப்படுவது என்று எண்ணுகிறவர் அமைதியாக இருப்பார்.

இன்றே செய்யக் கூடியது

லேப்டாப் ஒரு சிறு விஷயம். ஆனால் வாழ்க்கையில் நாம் மாற வேண்டியவை அனைத்திலும் இந்தக் கணக்கு வருகிறது. ஒரே நிறுவனத்தின் உள்விவகாரம் மட்டுமே தெரிந்த ஊழியருக்கு அந்த நிறுவனம் மூடும்போது கை வெறுமையாகிறது. தொழிலையே கற்றவர் அடுத்த வாசலைத் தட்டுகிறார். ஒரு பதவியால் மட்டும் கிடைத்த உறவுகள் பதவியோடு போகின்றன. அன்பால் சேர்ந்தவை ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடி வருகின்றன. எது நம்மோடு வரும், எது விட்ட இடத்திலேயே நின்றுவிடும் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்கிறவருக்கு, இருப்பதும் போவதும் அவர் விருப்பமாகிறது. அதைப் பார்க்காதவர் இருந்தாலும் கட்டாயத்தால் இருக்கிறார்; போனாலும் கட்டாயத்தால் போகிறார்.

தம்பி மகள் மேக்புக் வாங்கினாள். அவள் தாள் அதைத்தான் கேட்டது. தங்கை மகன் விண்டோஸிலேயே இருக்கிறான். பழைய மெஷினை எஸ்.எஸ்.டி.யோடு கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, இன்டெல் சிப் உள்ள புதியதை எடுத்துக்கொண்டான். பேரன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் படிக்கிறான். மூவரும் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அதைவிட எனக்கு நிறைவு தருவது, நாளைக்கு மறுபடி மாற வேண்டி வந்தால் மூவராலும் முடியும் என்பது.

நீங்கள் வாங்குவது எதுவானாலும் ஆகட்டும். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிக மதிப்புள்ள பத்துக் கோப்புகளை எடுங்கள். உங்கள் கதையோ, கடைக் கணக்கோ, ஆய்வேடோ, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பென் டிரைவில் போட்டு, உங்களுடையதிலிருந்து வேறு வகையான ஒரு கணினி வைத்திருக்கும் நண்பரின் வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். பத்தும் திறந்தால் உங்கள் விருப்பம்போல் மாறுங்கள், அல்லது இருங்கள். திறக்காதவை இருந்தால், கடைக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் அவற்றை விடுவியுங்கள்.